யாருக்குத் தெரியாத புதுச்சேரி?

'புதுச்சேரியின் அறியப்படாத பகுதிகள் - சைக்கிளில்' என்று ஒரு துண்டறிக்கையை நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரம். சைக்கிளும் தலைக்கவசமும் அவர்களே தருவார்கள். கடைசியில் ஒரு காபி. வழிகாட்டி முன்னால் போவார், நாம் பின்னாலேயே மிதித்துக்கொண்டு போக வேண்டியதுதான். படம் போட்டு, போகும் வழியைச் சிவப்புக் கோடாக இழுத்திருந்தார்கள். கடற்கரையில் தொடங்கிய கோடு வாய்க்காலைத் தாண்டி, பெரிய மார்க்கெட்டைச் சுற்றி, புல்வாரையும் தாண்டித் தெற்கே உப்பளம் பக்கம் இறங்கியது. இறங்கின இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. அந்த நட்சத்திரம் விழுந்த இடத்தில்தான் நான் பிறந்தேன்.

கதையையும் கவிதையையும் விமர்சிக்கிற பக்கத்தில் சைக்கிள் சுற்றுலாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு நகரத்தை எந்த வரிசையில் காட்டுவது, எங்கே நிற்பது, எங்கே நிற்காமல் போவது, எதற்குப் பெயர் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது - இதெல்லாம் கதை சொல்கிறவன் செய்கிற வேலைதான். அச்சில் வந்தால்தான் பிரதி என்றில்லை. தமிழ் நாவலில் நம்மை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நகரத்தில் நம்மை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா? அதற்காகத்தான் பணம் கட்டிப் போனேன். 2024 டிசம்பர், மார்கழிப் பனி.

மொத்தம் எட்டுப் பேர். பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைப் பிள்ளைகள் நாலு பேர், பிரான்சிலிருந்து வயதான கணவன் மனைவி, சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை, அப்புறம் நான். வழிகாட்டி இருபத்தைந்து வயதுப் பையன். ஆங்கிலமும் பிரெஞ்சும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னிடம் மட்டும் தமிழில் கேட்டான்: "சார் லோக்கலா? எந்த ஏரியா?" "லாசுப்பேட்டை" என்றேன். இப்போது குடியிருப்பது அங்கேதான், பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில் ஏன் அவ்வளவு அவசரமாக என் வாயில் வந்தது என்பதையும் கடைசியில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கடற்கரைச் சாலை. 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலை, மேரி. மேரி என்றால் பிரெஞ்சுக்காரன் காலத்து நகரமன்றக் கட்டிடம். 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பையன் இந்தக் கதையை நன்றாகச் சொன்னான். என் ஆயா, அம்மாவைப் பெற்றவள், அந்தப் பழைய மேரியின் பக்கவாசலில் சம்பளத்துக்கு நின்றவள். விளக்குமாறும் கூடையும்தான் அவள் உத்தியோகம். வெள்ளைக்காரத் தெருக்களை விடிவதற்குள் கூட்டி முடிக்க வேண்டும். அப்புறம் எடுப்புக் கக்கூசு. இன்றைக்கு எல்லாரும் முன்னால் நின்று படம் எடுக்கிற அந்த மஞ்சள் சுவர்களைப் பற்றி ஆயா சொல்வாள்: "எனக்கு அந்த ஊடுங்க எல்லாம் பின்பக்கமா காட்டுனாத்தாண்டா அடையாளம் தெரியும்."

டூப்ளே சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்தவர். அவருடைய போர்களையும் திறமையையும் பையன் சொன்னான். அதே டூப்ளே காலத்தில், 1743-இல், ஏழை சனங்களை ஏமாற்றிப் பிடித்து அடிமையாகக் கப்பலேற்றியதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்த பிறகு, அந்த இடத்துக்கு ஒப்பந்தக் கூலி வந்தது. ஒரீலி என்கிற கப்பல் இந்தக் கரையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு 1853 மே மாதம் மர்த்தினீக் தீவில் போய் இறக்கியது. ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் அப்புறம் எத்தனையோ கப்பல். எல்லாச் சாதியும் ஏறியது, மறுக்கவில்லை. காணி இல்லாதவனும் கடன்பட்டவனும்தான் முதலில் ஏறுவான். அவன் யார் என்று நமக்குத் தெரியும். கரையிலிருந்து சலங்கில் ஏற்றிப் போய்க் கப்பலில் விட்டார்கள். கடற்கரையில் எட்டு இடத்தில் நின்ற சுற்றுலா, இதற்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

வாய்க்காலைத் தாண்டினோம். "இதுவரைக்கும் வெள்ளையர் பகுதி. இனிமேல் தமிழர் பகுதி" என்றான் பையன். வில் பிளான்ஷ், வில் நுவார் என்று பிரெஞ்சில் சொன்னபோது அந்த அம்மாள் தலையாட்டினார். வெள்ளை ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம், நடுவே வாய்க்கால். புதுச்சேரியைப் பற்றி வருகிற புத்தகம், படம், கட்டுரை எதை எடுத்தாலும் இந்த ஒரே சட்டகம்தான். வெள்ளையனைக் குற்றம் சொல்லுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அதனால் கேட்கிறவர்களுக்கும் இது முழுக் கதையாகத் தெரிகிறது.

வைசியாள் வீதியில் சைக்கிளை நிறுத்தினோம். பழைய வீடுகளைச் சீர்செய்த வேலைக்காக 2008-இல் யுனெஸ்கோ விருது வாங்கிய தெரு. தாழ்வாரம், திண்ணை, முற்றம், செட்டிநாட்டுத் தேக்குத் தூண். உண்மையில் அழகான தெரு, அதில் எனக்குச் சண்டை இல்லை. திண்ணையைக் காட்டிப் பையன் சொன்னான்: "இது தமிழர்களோட விருந்தோம்பல். வழிப்போக்கர் யார் வந்தாலும் இதுல உக்காரலாம், படுக்கலாம். வீட்டுக்காரங்க தண்ணி கொடுப்பாங்க." சென்னைப் பேராசிரியை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

யார் வந்தாலும்! இந்த ஒரு சொல்லில்தான் என் விமர்சனம் முழுவதும் இருக்கிறது. பையன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பாடப்புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'யார்' என்கிற சொல்லுக்குள் என் ஆயா இல்லை. அவள் இந்தத் தெருவையும் கூட்டியிருக்கிறாள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். திண்ணையில் உட்கார்ந்ததில்லை. திண்ணைக்குக் கீழே, தெரு மண்ணில் குந்தியிருக்கிறாள். சீர்செய்த கட்டிடக்கலைஞர்கள் திண்ணையின் நீளம் அகலம் உயரம் எல்லாம் அளந்திருப்பார்கள். அந்த உயரம் எதற்கு என்பதை ஆயாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் 'தமிழர் பகுதி' என்கிற பெயரையே கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையையும் காட்டினார்கள். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இந்த நகரத்துக்குப் பெரிய ஆவணம். அந்த நாட்குறிப்பில் 'தமிழர்' என்றால் யார் தெரியுமா? சாதிக்காரர்கள். பறையர் தனி, துலுக்கர் தனி, சட்டைக்காரர் தனி. நாம் தமிழ்தான் பேசினோம், ஆனால் தமிழர் கணக்கில் இல்லை. இன்றைய வரைபடத்தில் 'தமிழர் பகுதி' என்று போட்டிருப்பது அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சிதான். போட்டவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். புல்வாருக்குள்ளே இருப்பது தமிழர் பகுதி என்றால், புல்வாருக்கு வெளியே இருந்த நாங்கள் யார்? 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் தன் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தாரே, அந்தப் பெயரின் கோபம் எனக்கு வைசியாள் வீதியில் நிற்கும்போதுதான் சரியாகப் புரிந்தது.

சம்பா கோயிலுக்கும் போனோம். மிஷன் வீதியில் இருக்கிற பெரிய கோயில். பழைய கோயிலை 1761-இல் ஆங்கிலேயர் நகரத்தோடு சேர்த்து அழித்தார்கள். இப்போது இருப்பது 1791-இல் முடிந்தது. பையன் முகப்பின் இரட்டைத் தூண்களைக் காட்டினான். பழைய கோயிலுக்குள் இருந்த ஒரு சுவரைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1745 அக்டோபரில் பிள்ளை எழுதியிருக்கிறார். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறித்தவர்களும் வெள்ளையரும் சட்டைக்காரர்களும். நம்மவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உம்முடைய சீஷர்கள்தானே, எங்களுக்கு மட்டும் எதற்குச் சுவர் என்று கேட்கிறார்கள். நியாயம்தான் என்று சாமியார் சுவரை இடிக்கச் சொல்கிறார். சுவர் இடிந்ததும் சாதிக் கிறித்தவர்கள் சாமியாரோடு சண்டைக்கு வருகிறார்கள். விவகாரம் கவர்னர் வரைக்கும் போகிறது.

டூப்ளேயின் போரைவிட இது சின்ன விஷயமா? இந்த நகரத்தில் நம் பாட்டன்மார்கள் கூடிப்போய்ச் சமத்துவம் கேட்டு, ஒரு சுவரையும் விழ வைத்ததற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. எழுதியவர் நம் ஆளும் இல்லை, நமக்கு வேண்டியவரும் இல்லை. அதனாலேயே அந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம். சுற்றுலாவில் நமக்கு இடம் கேட்பது பரிதாபத்துக்காக இல்லை. நாம் இந்த நகரத்தில் செய்த காரியங்கள் இருக்கின்றன, அதைச் சொல் என்கிறோம்.

வழியில் லபோர்த் வீதி என்கிற பலகையைப் பார்த்து, இது எந்தப் பிரெஞ்சுக்காரன் பெயர் என்று அந்த அம்மாள் கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். பிரெஞ்சுக்காரன் இல்லை, பொன்னுத்தம்பிப் பிள்ளை என்கிற தமிழ் வக்கீல். 1873-இல் ஐரோப்பியச் செருப்புப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார் என்று தண்டித்தார்கள். பாரீஸ் மேல்கோர்ட்டு வரை போய் ஜெயித்தார். 1881 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. சாதிமுறைப்படியான சொந்த வழக்கத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுச் சட்டம் உனக்கும் பொருந்தும், ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அவர் வைத்துக்கொண்ட பெயர் லபோர்த். வாசல் என்று அர்த்தம்.

அந்த வாசலில் யார் நுழைந்தார்கள்? மேல்சாதி இந்துக்கள் எட்டி நின்றார்கள். கிறித்தவர்களும் நம்மவர்களும்தான் அதிகம் போனார்கள். விடுவதற்குச் சாதியில் நமக்கு என்ன லாபம் இருந்தது? எங்கள் தெருவில் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு 'சொல்தா' தாத்தாக்கள் இருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்கினவர்கள். பிரெஞ்சு ஆட்சி நல்ல ஆட்சி என்று நான் சொல்ல வரவில்லை. கப்பலேற்றியதும் அதே ஆட்சிதான். ஆனால் திண்ணை கொடுக்காததை ஒரு காகிதம் கொடுத்தது என்றால், நம் ஆள் அந்தக் காகிதத்தை வாங்கினதில் தப்பு இல்லை.

செருப்பைப் பற்றிச் சொல்லும்போது சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்குப் பாகூர்ப் பக்கம் ஒரு ஊர். மில்லில் வேலை கிடைத்ததும் தவணையில் ஒரு சைக்கிள் வாங்கினார். தினமும் பதினைந்து மைல் போக வர மிதிப்பார். மில் வாசலில் மற்றவர்களோடு மணி அடித்துக்கொண்டு போகிற மனுஷன், சாயங்காலம் ஊர்த்தெரு முனைக்கு வந்ததும் இறங்கிவிடுவார். ஊர்த்தெருவைத் தாண்டும் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான். ஒரு நாள் அவசரத்தில் இறங்க மறந்து போய்விட்டார். மறுநாள் சைக்கிளின் இரண்டு டயரும் கிழிந்து கிடந்தன. அதற்கப்புறம்தான் அம்மா வீட்டோடு உப்பளத்துக்கு வந்தோம். நான் பிறந்ததும் அங்கேதான். அப்பா எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது ஓட்டுவதற்கு முன்னால் இறங்கத்தான் கற்றுக்கொடுத்தார்.

இப்போது கோட்டின் கடைசிப் பகுதி. சுப்பையா சாலை என்று பெயர் மாறிய தெற்குப் புல்வாருக்கு வந்தோம். இயேசுவின் திரு இருதயக் கோயிலைக் காட்டினார்கள். 1907-இல் முடிந்தது, கண்ணாடிச் சன்னல்கள் அருமை. சுப்பையா யார் என்று சொல்லவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் எட்டுமணி நேர வேலை கேட்ட தொழிலாளிகளைச் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அந்தத் தொழிற்சங்கத்தைக் கட்டிய தலைவர் அவர். மில்கள் 2020-இல் மூடியே போய்விட்டன. இப்போது அந்தக் கதையைச் சொல்வதற்குச் சங்குகூட ஊதுவதில்லை.

அம்பேத்கர் சாலையில் தெற்கே திரும்பியதும் பையன் எல்லாரையும் நிறுத்தினான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "இங்க யாரும் இறங்க வேணாம். சைக்கிள்லயே மெதுவா போயிடலாம். போட்டோ வேணும்னா போய்க்கிட்டே எடுத்துக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. அவர்கள் தெருவில் எங்கப்பன் சைக்கிளில் ஏறக்கூடாது. எங்கள் தெருவில் இவர்கள் சைக்கிளை விட்டு இறங்கக்கூடாது. இரண்டு கட்டளையும் ஒன்றா என்றால் ஒன்றில்லை. முன்னது டயரைக் கிழித்தது, பின்னது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இரண்டிலும் தொடக்கூடாத மண் என்னவோ ஒன்றுதான். வைசியாள் வீதியில் நின்றோம், தொட்டோம், திண்ணையில் உட்கார்ந்தோம், வீட்டுக்காரரிடம் பேசினோம். உப்பளத்தில் நிற்காமல் போக வேண்டும். அங்கே இருந்தது வரலாறு, இங்கே இருப்பது காட்சி. அங்கே வீட்டுக்குப் பெயர் உண்டு, இங்கே 'ஏரியா'. அறியப்படாத பகுதி என்று துண்டறிக்கையில் போட்டார்களே, இப்படி நிற்காமல் போனால் எப்படி அறிவது? முதலில், யாருக்கு அறியப்படாத பகுதி? நகரத்தின் ஒவ்வொரு கக்கூசையும் சாக்கடையையும் அறிந்தவர்கள் குடியிருக்கிற பகுதி அது.

நான் இறங்கிவிட்டேன். தள்ளிக்கொண்டு போனேன். தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்தது.

"டேய்... கூட்டற ஆயா பேரன்தான நீ? தலையில இன்னாடா சட்டி?"

தலைக்கவசத்தைக் கழற்றினேன். "ஆமாங்க அத்தை."

"இவுங்கல்லாம் யாரு? இன்னா பாக்க வந்துகிறாங்க?"

என்ன சொல்வது? ஊரைச் சுத்திப் பாக்க வந்தாங்க அத்தை என்று முனகினேன். அதற்குள் பிரெஞ்சு அம்மாளும் இறங்கிவிட்டார், முட்டிவலி போலிருக்கிறது. அத்தை குடத்தை நகர்த்திவிட்டு, வீட்டு வாசலில் இருந்த சிமெண்டுத் திட்டை முந்தானையால் துடைத்தது. "பாக்கறதுன்னா ஒக்காந்து பாக்கச் சொல்லுடா. நின்னுகினே இன்னாத்த பாப்பாங்க." உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் வாங்கிக் குடித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

திரும்பும்போது பையன் என் பக்கத்தில் வந்தான். "சார், லாசுப்பேட்டைன்னீங்க?" அவன் குரலில் குத்தல் இல்லை, ஆச்சரியம்தான். அவனைக் குறைசொல்லி எழுத எனக்கு உரிமை கொஞ்சம் குறைவுதான். படித்து, உத்தியோகம் வாங்கி, லாசுப்பேட்டையில் வீடு கட்டி, யாராவது ஊர் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிவிட்டேன். புதுச்சேரியின் வரைபடத்திலிருந்து உப்பளத்தை எடுத்தது வெள்ளைக்காரனும் சாதிக்காரனும் மட்டுமில்லை. காலை ஆறரை மணிக்கு நானும் ஒருமுறை எடுத்தேன். நம்மில் படித்து வெளியே வந்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாமே சொல்லாத பெயரை வழிகாட்டிப் பையன் சொல்லுவான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பையன் கெட்டவன் இல்லை. "போன மாசம் போட்டோ எடுத்ததுக்கு ஒரு அக்கா திட்டிடுச்சு சார், அதான் இறங்க வேணாம்னேன்" என்றான். அந்த அக்கா திட்டியது நியாயம். கேட்காமல் படம் எடுத்தால் திட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பதில் இறங்காமல் போவது இல்லை. இறங்கி, கேட்டு, உட்கார்ந்து, அந்த அக்கா வாயாலேயே கதையைக் கேட்பது. அதற்குக் கூலியும் கொடுப்பது. அழகான மாளிகைக்கு நுழைவுக் கட்டணம் கொடுக்கிறவர்கள், அனுபவத்துக்குக் கொடுக்கக் கூடாதா?

வழியையும் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கடற்கரையில் தொடங்கி எங்களிடம் முடிக்காமல், விடிகாலை நாலு மணிக்கு உப்பளத்தில் தொடங்குங்கள். ஆயா நடந்த வழியில் போங்கள். மேரியின் பக்கவாசலில் நில்லுங்கள். கடற்கரையில் சலங்கு ஏறினவர்களுக்காக ஒரு நிமிஷம் நில்லுங்கள். வைசியாள் வீதியில் திண்ணைக்குக் கீழே நின்று திண்ணையைப் பாருங்கள். சம்பா கோயிலில் இல்லாத சுவரைக் காட்டுங்கள். நகரம் அதேதான், தெருக்களும் அதேதான். கதை மட்டும் வேறாக வரும்.

1745 சுவர் விஷயத்தைப் பையன் கைபேசியில் குறித்துக்கொண்டான். "இதெல்லாம் சொன்னா ஆளு வருவாங்களா சார்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றேன். காபிக்கு நான் நிற்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, கடலூர், காரைக்கால் என்று கரையோரத்துப் பழைய நகரங்களில் எல்லாம் கோட்டைக்கும் கோயிலுக்கும் வெளியே நம் தெருக்கள் இருக்கின்றன. அங்கே கூட்டின, சுமந்த, தோணி தள்ளின, பட்டாளத்துக்குப் போன கிழவன் கிழவிகள் இன்னும் கொஞ்சப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். எங்கள் அத்தையிடம் நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சட்டி இல்லாமல் வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறது.